இரண்டாவது தோட்டா

நீளம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். எடை 50 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எட்டியாந்தோட்டையிலிருந்து இறக்குவானை வரை, சபரகமுவவின் தேயிலை, இறப்பர் மலைகளில் இராக்காவல் நிற்பவரின் சட்டைப்பையில் கிடக்கும் 12 போர் தோட்டாவின் அளவு இவ்வளவே. துவக்கைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். யாருடைய பெயரில் இருக்கிறது, உரிமம் புதுப்பித்தாயிற்றா, இரவில் எங்கே பூட்டி வைக்கப்படுகிறது என்றெல்லாம் விசாரிப்பார்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பையில் போட்டுக்கொண்ட நான்கைந்து தோட்டாக்களைப் பற்றிக் கேட்பவர் அரியர். துவக்கோடு ஒட்டி வந்த துணைப்பொருளாகவே அவை கருதப்படுகின்றன. வேதியியல் அவ்வாறு கருதுவதில்லை, சட்டமும் கருதுவதில்லை. இரண்டின் கண்ணிலும் கையிருப்புத் தோட்டா தனித்த ஒரு பொருள். அதற்கென வயது உண்டு, நோய் உண்டு, குற்றப்பொறுப்பும் உண்டு. துவக்கில் ஏற்றப்பட்ட முதல் தோட்டாவைவிடப் பையில் காத்திருக்கும் இரண்டாவது தோட்டாவே மனிதருக்குக் கூடுதல் கேடு செய்யவல்லது என்பதை விளக்குவதற்காகவே இக்கட்டுரை.

தோட்டாவின் அகத்தை முதலில் காண்போம். அடியில் பித்தளைத் தலை. அதன் நடுவே பொட்டளவான கேப்பு. அடிபட்டதும் தீப்பொறி கக்கும் கலவை கேப்புக்குள் இருக்கிறது. ஈயம், பேரியம், அந்திமனி ஆகிய மூன்றன் சேர்மங்கள் பெரும்பாலான கேப்புகளில் உண்டு. கேப்புக்கு மேலே ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரையிலான புகையில்லா மருந்து. அதன்மேல் தக்கை. தக்கையின்மேல் ஈயச் சன்னங்கள். எல்லாவற்றையும் சுற்றிக் காகிதத்தாலோ பிளாத்திக்காலோ ஆன கோது. அதன் வாய் மடித்து மூடப்பட்டிருக்கும். காட்டுப்பன்றிக்கென்று கேட்டு வாங்கும் எஸ்.ஜி. வகையில் 8.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள சன்னங்கள் வழக்கமாக 9 இருக்கும். 12 என்ற எண் ஒரு பழைய அளவை. ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டைக்கு என்ன விட்டமோ அதுவே குழலின் விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். ஆகவே எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். 20 போர் என்பது 12 போரைவிட ஒடுங்கியது. இந்தத் தலைகீழ் முறை பின்னர் ஓர் ஆபத்தை விளக்க உதவும்.

விசையை இழுத்ததும் ஊசி கேப்பை அடிக்கிறது. கேப்பின் பொறி மருந்துக்குத் தாவுகிறது. மருந்து மிகவிரைந்து எரிந்து வளியாகிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போலச் சில நூறு மடங்கு அழுத்தம் தக்கையைத் தள்ள, 32 கிராம் ஈயம் நொடிக்கு 400 மீற்றர் அளவான வேகத்தில் குழலைவிட்டுப் புறப்படுகிறது. ஒலியின் வேகம் அதனிலும் குறைவு. அந்த ஈயம் சுமந்து செல்லும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,500 யூல். அத்தனை ஆற்றலும் இரண்டு கிராம் தூளிலிருந்து பிறக்கிறது. அத்தூள் செம்மையாக எரிந்தால் மட்டுமே அவ்வாறு பிறக்கிறது. எல்லாக் கேடும் தொடங்குமிடம் இந்த நிபந்தனைதான்.

புகையில்லா மருந்தின் அடிப்படை, பருத்தி போன்ற தாவர நாரை நைத்திரிக்கமிலத்தில் தோய்த்து ஆக்கிய நைத்திரோசெலுலோசு. அது என்றும் நிலையானதன்று. பெட்டிக்குள் கிடக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைந்து நைதரசன் ஒட்சைட்டுகளை வெளிவிடுகிறது. அந்த ஒட்சைட்டுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மிஞ்சிய மருந்தை மேலும் விரைவாகச் சிதைக்கின்றன. சிதைவு சிதைவைப் பெருக்கும் இச்சுழலைத் தடுப்பதற்காகவே ஆக்குவோர் டைபீனைலமீன் போன்ற நிலைநிறுத்தி ஒன்றைக் கலக்கின்றனர். வெளிவரும் ஒட்சைட்டுகளை அது பற்றிக்கொள்கிறது. அது தீர்ந்தபின் மருந்துக்குக் காவல் இல்லை. வெப்பமும் ஈரமும் அதைத் தீர்க்கும் வேகத்தைக் கூட்டுகின்றன.

இரத்தினபுரியைவிட ஈரமான நகரங்கள் இலங்கையில் சிலவே. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. தென்மேற்குப் பருவம் ஓய்ந்தாலும் இடைப்பருவத்து இடிமழை ஓயாது. அத்தகைய நாட்டில், லயத்து அறையொன்றின் அடுப்படிப் பரணிலோ தகரக் கூரையின் கீழ்த் தொங்கும் துணிப்பையிலோ ஆண்டுக்கணக்கில் கிடக்கும் தோட்டாவுக்கு என்ன நேரும்? பகலில் தகரம் கொதிக்கிறது. இரவில் மலைக்குளிரில் அதே தகரத்தின் அடியில் நீர்த்துளி கோக்கிறது. காகிதக் கோதாயின் ஈரம் குடித்து ஊதிப் பருக்கும். துவக்கின் அறைக்குள் நுழையாது, நுழைந்தால் வெளிவராது. பிளாத்திக்குக் கோது ஊதாது. ஆனால் அதன் பித்தளைத் தலையில் பச்சைக் களிம்பு படரும். களிம்பைத் துடைத்துவிட்டால் தோட்டா புதிதுபோல் பளபளக்கும். உள்ளிருக்கும் கேப்பின் நிலையை அந்தப் பளபளப்பு காட்டாது. துடைத்த தோட்டாவை நம்பி இருளில் நிற்பவர், தாம் அறியாத ஒன்றையே கையில் ஏந்தி நிற்கிறார்.

கெட்ட தோட்டா செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, ஊசி அடித்தும் ஒன்றும் நிகழாமை. இரண்டாவது இதனினும் கொடியது. கேப்பு மங்கிப் பொறி கனன்று நிற்க, மருந்து சிறிது பிந்திப் பற்றும். பெரும்பாலும் அந்தத் தாமதம் நொடியின் ஒரு கூறே ஆயினும், எத்தனை நொடி ஆகும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ‘சுடவில்லையே’ என்று துவக்கை உடனே மடித்துத் திறப்பவரின் முகத்துக்கு நேரே வெடிக்கும். குழலை ஆளற்ற திசைக்கு நீட்டியபடி அரை நிமிடமேனும் காத்திருப்பதே துவக்குப் பழகியோர் வகுத்த நெறி. பன்றிக்கூட்டம் கிழங்குப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருக்கையில் அந்த அரை நிமிடத்தைப் பொறுக்க மனம் ஒப்புவதில்லை.

மூன்றாவது, மருந்து வலுவிழந்து அரைகுறையாக எரிவது. வழக்கமான ஓசை எழாது. ‘பொத்’ என்று ஓர் ஒலி மட்டும் கேட்கும். தள்ளுவிசை போதாமல் தக்கை குழலின் நடுவிலேயே சிக்கி நின்றுவிடும். சுட்டவர் வெற்றுக்கோதை உருவி எறிந்துவிட்டுப் பையிலிருந்து அடுத்ததை எடுத்து ஏற்றுகிறார். அது நல்ல தோட்டாவாக இருந்துவிட்டால், அதன் முழு அழுத்தமும் அடைபட்ட குழலில் மோதுகிறது. குழல் பிளந்து சிதறும். குழலைத் தாங்கலாகப் பிடித்திருந்த கை போய்விடும். முதல் தோட்டா தோற்றது, அழித்தது இரண்டாவது. போர் மாறினாலும் இதே கதை. 12 போர் துவக்கில் தவறுதலாக இடப்பட்ட 20 போர் தோட்டா, அறையைத் தாண்டி முன்னே நழுவிக் குழலில் தங்கிவிடும். துவக்கு வெறுமையாய் இருப்பதாகவே தோன்றும். அதன்பின்னே 12 போர் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். 20 போர் கோதுகளுக்கு மஞ்சள் நிறத்தை உலகெங்கும் ஒதுக்கியதற்கு இதுவே காரணம். இருட்டில் பைக்குள் துழாவும் விரலுக்கு நிறம் தெரியாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையின் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத்தது. நூறாண்டு கடந்தும் பல திருத்தங்களோடு அதுவே ஆள்கிறது. உரிமம் ஆண்டுக்கானது, டிசம்பர் 31 உடன் முடியும். பயிர்காப்புத் துவக்குகளின் உரிமம் மாவட்டச் செயலகத்தோடு தொடர்புடையது. தற்காப்புக்கானவற்றைப் பாதுகாப்பு அமைச்சு நோக்குகிறது. தோட்டாவும் வெடிமருந்தும் இதற்கு மேலாக 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின் கண்ணுக்கும் தப்புவதில்லை. ஆதலால் துவக்கே இல்லாதவரிடம் தோட்டா மட்டும் அகப்பட்டாலும் வழக்கு எழும். அண்டை வீட்டுக்காரருக்கு ‘இரண்டு கொடுத்து உதவினேன்’ என்பது நம் மலைகளில் அன்பின் அடையாளம். சட்டத்தின் முன் அது உரிமமற்ற கைமாற்றம். இறந்துபோன தந்தையின் பெட்டியில் கிடந்த தோட்டாக்களை எடுத்து வைத்துக்கொண்ட மகனும், தான் வாங்காத பொருளுக்கு விடைசொல்ல நேரும்.

2024 நவம்பரில், தற்காப்புக்கென வழங்கப்பட்ட சுடுகலன்களைத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு உரிமதாரரைப் பணித்தது. ஒப்படைக்கும் இடம் வெலிசறையிலுள்ள கடற்படையின் பிரிவு. அந்தப் பணிப்பு சுடுகலன்களோடு தோட்டாக்களையும் சேர்த்தே கேட்டது. துவக்கை ஒப்படைத்துவிட்டுத் தோட்டாவை வீட்டில் வைத்திருப்பவரை அரசு தற்காப்பாளர் என்று கொள்ளாது. கேகாலை மாவட்டத்து வரலாறு அறிந்தோருக்கு இந்தக் கண்டிப்பு வியப்பளிக்காது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது இம்மாவட்டம் கடும் மோதலின் களமாயிருந்தது. வீடுகளிலிருந்த வேட்டைத் துவக்குகளே கிளர்ச்சியாளரின் கைகளுக்குப் போயின. காவலுக்கென்று சேர்த்துவைத்தது யாரிடம் போய்ச்சேரும் என்பதைச் சேர்த்தவர் தீர்மானிப்பதில்லை.

உடைமை பற்றிய சட்டம் இவ்வளவில் நிற்க, சுட்டபின் எழும் சட்டமே நுண்ணியது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை வகுக்கின்றன. உயிருக்கோ உடலுக்கோ நேரும் தாக்குதலை எதிர்க்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஆனால் 92ஆம் பிரிவு இரு வேலிகளை இடுகிறது. அதிகாரிகளின் துணையை நாட நேரமிருந்தால் உரிமை இல்லை. காப்புக்குத் தேவையான அளவை மிஞ்சித் தீங்கு செய்யலாகாது. எதிரியின் உயிரைப் போக்கும் அளவுக்கு உரிமை நீளும் நிலைகளை 93ஆம் பிரிவு எண்ணிச் சொல்கிறது. உடைமையைக் காக்கும்போது 96ஆம் பிரிவு. இரவில் வீடுடைத்துப் புகுதல், கொள்ளை, குடியிருப்புக்குத் தீவைத்தல் ஆகியவை அப்பட்டியலில் உண்டு. இறப்பர்ப் பாலைத் திருடுவதோ, கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவதோ அந்த உயரத்தை எட்டுவதில்லை. 95ஆம் பிரிவு காலத்தை வரையறுக்கிறது: ஆபத்தின் அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது, அச்சம் நீடிக்கும்வரை மட்டுமே நீடிக்கிறது.

இந்த 95ஆம் பிரிவையும் ஒற்றைக்குழல் துவக்கின் பொறிமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருமுறை சுட்டபின் நெம்பை அழுத்தித் துவக்கை மடிக்க வேண்டும். சூடேறிய கோதை உருவ வேண்டும். பைக்குள் கைவிட்டு அடுத்த தோட்டாவை எடுத்து, தலைமாறாமல் அறைக்குள் செலுத்தி, குழலை நிமிர்த்திப் பூட்டி, கொண்டியைப் பின்னிழுத்து, மீண்டும் குறிபார்க்க வேண்டும். பழகிய கைக்கும் நடுக்கத்தில் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில் வந்தவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. கத்தியோடு நெருங்கிக்கொண்டே இருந்தானாயின் உரிமை உயிரோடிருக்கிறது. முதல் வெடிக்கே திரும்பி ஓடியிருந்தால் உரிமை அங்கேயே முடிந்துவிட்டது. அதன்பின் பையில் தேடி எடுத்துச் சுட்டது தண்டனையாகவே கொள்ளப்படும், தண்டிக்கும் அதிகாரமோ சுட்டவருக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு தற்காப்புரிமையின் எல்லையை மீறியவருக்கு 294ஆம் பிரிவின் விதிவிலக்கு ஒன்று கொலைக்குற்றத்தைக் குறைத்துத் தருகிறது. எனினும் முன்யோசனையின்றி, தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யும் நோக்கமுமின்றிச் சுட்டிருந்தால் மட்டுமே அந்த நிழல் கிடைக்கும் என்பதே வாதத்தின் மையமாகிறது. தோட்டாவைத் தேடி எடுத்து ஏற்றிய அந்த இடைவெளி, சிந்திக்க வாய்த்த நேரமாக எதிர்த்தரப்பால் எண்ணப்படும்.

இவ்விடத்தில் அறிவியல் சாட்சிக்கூண்டில் ஏறுகிறது. சன்னங்கள் போகப்போக விரியும். குவிப்பற்ற சாதாரணக் குழலில் விரிவு ஏறத்தாழ மீற்றருக்கு இரண்டரை சென்ரிமீற்றர். ஒரு மீற்றருக்குள் சுட்டால் ஒற்றைத் துளை. சிறிது தள்ளிச் சுட்டால் துளையின் விளிம்பு பல்பல்லாய்க் கிழியும். மேலும் தொலைவில் சன்னங்கள் தனித்தனியாய்த் துளைக்கும். மிக அருகிலாயின் தக்கையும் காயத்துக்குள் புகுந்திருக்கும். ‘மேலே பாய்ந்தான், சுட்டேன்’ என்று ஒருவர் சொல்ல, முதுகில் தனித்தனிச் சன்னத் துளைகளைச் சட்ட மருத்துவ அதிகாரி கண்டால், அவ்வாக்குமூலம் அங்கேயே சரிகிறது. நிலத்தில் கிடக்கும் கோதுகளில் ஊசியின் அடையாளமும், கையில் ஈயமும் பேரியமும் அந்திமனியும் கலந்த நுண்துகள்களும் எஞ்சும். கோது எத்தனை என்று எண்ணுகிறார்கள். எங்கே எங்கே கிடந்தன என்று அளக்கிறார்கள். சுட்டவர் நின்ற இடத்திலிருந்து இரண்டாவது கோது பத்தடி முன்னே கிடந்தால், அவர் துரத்திச் சென்றார் என்று அந்தக் கோது சொல்லும்.

இங்கிலாந்தின் நோர்போக்கில் 1999இல் நடந்தது நம் மலைகளுக்கு அயலானதாகத் தோன்றவில்லை. தனித்த பண்ணைவீட்டில் இரவில் திருடர் புகுந்தனர். பலமுறை திருட்டுக்கு ஆளாகி நொந்திருந்த உழவர், உரிமமின்றி வைத்திருந்த துவக்கால் மூன்று முறை சுட்டார். திருடருள் ஒருவனான பதினாறு வயதுச் சிறுவன் முதுகில் காயம்பட்டு இறந்தான். நடுவர் குழு கொலை என்றது. 2001இல் மேன்முறையீட்டு மன்றம் உழவரின் மனநிலையைக் கருதியே குற்றத்தைக் குறைத்தது, தற்காப்பு என்று ஏற்று அன்று. அவரது துவக்கு மடிக்காமலே அடுத்தடுத்துச் சுடும் வகை. இலங்கைச் சட்டமும் அத்தகைய மீள்சுடு துவக்குகளைச் சாதாரணத் துவக்கிலிருந்து வேறுபடுத்தியே நோக்குகிறது. எத்தனை தோட்டாவை எவ்வளவு விரைவில் செலுத்தலாம் என்பதையே ஆட்சி அளவுகோலாகக் கொள்கிறது.

கேகாலைக்கும் இதில் தன் சொந்தப் பாடங்கள் உண்டு. 1915 கலவரத்தை அடக்கப் படைத்துறைச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது, இம்மாவட்டத்தில் சிலர் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அமைதிக்கு அது தேவையாயிற்று என்பதே சுடுவித்தோரின் விடை. பின்னர் ஆளுநராய் வந்த சேர் ஜோன் அண்டர்சன் அமைத்த விசாரணைக்குழு அந்த விடையை ஏற்கவில்லை. 2022 ஏப்ரல் 19 அன்று இரம்புக்கணையில் எரிபொருள் விலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். பதின்மருக்கு மேல் காயமுற்றனர். எரிபொருள் தாங்கி ஒன்றுக்குத் தீவைக்க முயன்றதைத் தடுக்கவே சுட்டோம் என்றது பொலிஸ் தரப்பு. தீவைப்பைத் தடுத்தல் என்பது சட்டக்கோவை அறிந்த காப்புதான். ஆயினும் கேகாலை நீதவானின் பணிப்பின்படி, சுடப் பணித்த மூத்த அதிகாரியும் சுட்டோரும் கைதாயினர். சீருடையும் அரச ஆணையும் உடையவரிடமே ஒவ்வொரு வேட்டுக்கும் தனித்தனி விடை கேட்கப்படுகிறது. தோட்டத்துக் காவல்காரருக்கு அந்தக் கேள்வியைத் தாங்கும் வழக்கறிஞர் யார்?

கட்டுத்துவக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பன்றி வரும் தடத்தில் குழலை நிலத்தோடு ஒட்டி நிறுத்தி, விசையில் கம்பி கட்டிப் போகும் பழக்கம் சபரகமுவவிலும் அற்றுப்போகவில்லை. பன்றியின் உயரத்துக்கு வைப்பதால் மனிதர் அகப்பட்டால் முழங்கால் சிதறுகிறது. விடியலில் பால்வெட்டப் போகும் பெண்ணுக்கும் பன்றிக்கும் கம்பி வேறுபாடு அறியாது. இங்கிலாந்து 1827இலேயே தோட்டங்களில் இவ்வாறு பொறித்துவக்கு வைப்பதைச் சட்டத்தால் தடுத்தது. சுடும் கணத்தில் அச்சமடையும் மனம் ஒன்று அங்கே இல்லாதபோது, தற்காப்பு என்ற சொல்லுக்கே இடமில்லை. கட்டுத்துவக்கு அகப்படும் வீட்டில் கிடக்கும் உதிரி மருந்தும் சன்னமும் கேப்பும், அதைக் கட்டியவர் யார் என்பதற்கான சான்றுப்பொருள்களாகின்றன.

பன்றி பயிரை அழிப்பது உண்மை. காட்டோரத்து லயங்களில் இரவின் அச்சமும் உண்மை. பயிரையும் லயத்தையும் காக்க நிற்பவர் நாட்கூலிக்காரர். துவக்கும் தோட்டாவும் தோட்டத்துடையவை. உரிமத்திலுள்ள பெயர் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். கைவிலங்கு மட்டும் காவல்காரருக்கு. இந்த முறைகேட்டைத் தோட்ட நிருவாகங்கள் இன்றே திருத்த முடியும். துவக்கு ஏந்துபவரின் பெயர் உரிமத்துக்கு உட்பட்டதா என்று பார்க்க வேண்டும். மாலையில் தோட்டாக்களை எண்ணிக் கொடுத்து, காலையில் எண்ணி வாங்கி, கோதையும் சேர்த்துப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். வாங்கிய ஆண்டைப் பெட்டியில் எழுதி, ஈரம் புகாத கலத்தில் துவக்கிலிருந்து வேறாகப் பூட்ட வேண்டும். பழுதுற்றதைப் புதைக்கவோ ஆற்றில் எறியவோ அடுப்பில் போடவோ கூடாது. அடுப்பில் வெடிக்கும் தோட்டாவின் ஈயம் குழலிலிருந்து புறப்பட்டதுபோல் விரைந்து பாயாது. ஆயினும் பித்தளைத் துணுக்கு கண்ணைப் பறிக்கப் போதும். உரிமத்தோடு பொலிஸ் நிலையத்துக்குச் சென்று, என்ன செய்வதென்று கேட்டு, ஒப்படைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ள வேண்டும். டிசம்பர் 31க்கு முன் உரிமம் புதுப்பிக்கப் போகும் அதே பயணத்தில் இதையும் முடித்துவிடலாம்.